தேய்ந்த மூட்டுக்கு ஓய்வு மட்டுமே மருந்தாகாது

"முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி நடக்கவே கூடாது" என்ற முடிவோடு எங்களிடம் வருவோர் பலர். அம்முடிவு சரியன்று என்பதே எங்கள் கருத்து.

முழங்கால் எலும்புகளின் முனைகளை 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மென்மையான இக்குருத்தெலும்பு, கடினமான எலும்பின்மீது வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டுக்கும் இடையே சுண்ணாம்புச் சத்து படிந்த மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. குருத்தெலும்பின் நார்கள் அதில் வேரூன்றியுள்ளன. அவ்வடுக்கோ மேடுபள்ளங்களாக எலும்போடு பிணைந்துள்ளது. நடக்கையில் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்காக அழுத்தும் சுமை எலும்புக்குள் சீராக இறங்குவது இப்பிணைப்பால்தான்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. வலியை உணர்த்துவன அடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களுமே. குருத்தெலும்புக்கு உணவளிப்பது பெரும்பாலும் மூட்டுத் திரவம். அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போதுதான் அவ்வூட்டம் நன்கு உட்செல்கிறது. அசையாத மூட்டு அரைப்பட்டினி கிடக்கிறது.

வீக்கமும் கடும் வலியும் உள்ள நாட்களில் ஓய்வு தேவைதான். மற்ற நாட்களில் மருத்துவர் கூறும் அளவில் நடையும் தொடைத் தசைப் பயிற்சியும் வேண்டும். மிகை எடையும் குறைய வேண்டும். "நீங்கள் எழ வேண்டாம், நான் எடுத்து வருகிறேன்" என்று அன்போடு தடுக்கும் குடும்பத்தினர், அதற்கு மாறாக உடன் நடந்து வருவார்களாயின் அதுவே பேருதவி.