எவர்சில்வரும் நுண்ணலை அடுப்பும்

உலோகம் இல்லாத அடுக்களை நம் வீடுகளில் உண்டா? சித்தூரானாலும் திருப்பதியானாலும், தண்ணீர் குடிக்கும் குவளை முதல் குழம்பு கொண்டுவரும் தூக்கு வரையில் எல்லாம் எவர்சில்வர்தான். இப்படிப்பட்ட அடுக்களைக்குள், 'உலோகம் வைக்காதே' என்னும் கட்டளையோடு வந்து அமர்ந்திருக்கிறது, மைக்ரோவேவ் என்று நாம் வழங்கும் நுண்ணலை அடுப்பு. கட்டளை இருக்கிறது, காரணம் சொல்லப்படவில்லை. காரணம் சொல்லாத கட்டளைக்கு என்ன நேரும் என்பதை மாணவர் தங்கும் இடங்களில் கண்கூடாகக் காணலாம். ஒருவர் அந்த அடுப்பின் அருகே கரண்டியைக் கொண்டு செல்லவே அஞ்சுகிறார். இன்னொருவரோ, "போன வாரம் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே!" என்று கூறி, வெள்ளித்தாள் பொட்டலத்தை அப்படியே உள்ளே தள்ளிக் கதவை மூடுகிறார். இவ்விருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியன்று என்பதே என் கருத்து.

முதலில் ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். அந்த அடுப்பே உலோகத்தால் ஆனது. அதன் உட்சுவர்கள் உலோகம். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் புள்ளி வலையும் உலோகமே. உள்ளே உலாவும் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். வலையின் துளையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆதலின் வெளிச்சம் வெளியே வருகிறது, நுண்ணலை வருவதில்லை. உலோகத்தைக் காவலாக வைத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டி நம்மருகில் நிற்கிறது.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் செல்லும் வழியில் உள்ள காதங்கியை நண்பர்கள் அறிந்திருப்பார்கள். அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் 1024 ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தி, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானுக்கு அனுப்பி, மேலே வீசும் காற்றை ஆராய்கிறார்கள். அலையை அனுப்புவதும் உலோகக் கம்பி. திரும்பி வருவதை வாங்கிக்கொள்வதும் உலோகக் கம்பி. நம் அடுப்பும் ராடார் குலத்தில் பிறந்த பிள்ளைதான். 1940-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தில் ராண்டல், பூட் என்னும் இருவர் போர்க்கால ராடாருக்காக ஆக்கிய மாக்னெட்ரான் என்ற கருவியே இன்றும் அடுப்புக்குள் இருந்து அலை எழுப்புகிறது. அதைக் கொண்டு உணவைச் சூடாக்கலாம் என்று 1945-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் அமெரிக்கரான பெர்சி ஸ்பென்சர். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம் இருந்தது; எடை 340 கிலோ! அதை எந்த விடுதியின் மாடிக்கு ஏற்றுவது?

இனிக் காரணத்துக்கு வருவோம். நுண்ணலை சோற்றுக்குள்ளும் குழம்புக்குள்ளும் புகுந்து, அங்குள்ள நீரின் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்குகிறது. உலோகத்துக்குள் அது புகுவதில்லை; மேற்பரப்பிலேயே தடைப்பட்டுத் திரும்பிவிடுகிறது. ஏனெனில் உலோகத்தில் கட்டுப்படாமல் ஓடித் திரியும் எலெக்ட்ரான்கள் உண்டு. அலை பட்டவுடன் அவை அங்கும் இங்கும் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலே அலையைத் திருப்பி அனுப்புகிறது. இதனால் ஆகும் முதல் தீங்கு மிக எளியது. மூடிய எவர்சில்வர்ச் சம்புடத்தில் சாம்பாரை வைத்தால் சாம்பார் சூடாகாது. எழுந்த அலை எதிலும் சேராமல் சுவருக்கும் பாத்திரத்துக்குமாக மோதி, மாக்னெட்ரானுக்கே திரும்பி அதனை நோகச் செய்யும். அடுப்பை வெறுமையாக ஓட்டாதே என்பதும் இதனால்தான்.

இரண்டாவது தீங்குதான் நாம் அஞ்ச வேண்டியது. உலோகம் வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருந்தால் எலெக்ட்ரான்கள் பரவி ஓடும். கூர் இருந்தால் அங்கே மின்புலம் குவியும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் அளவை எட்டினால் காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். அதுதான் நாம் காணும் பொறி. முள்கரண்டி பொறி கக்குவதும், மறந்து விடப்பட்ட தேக்கரண்டி சில வேளை சும்மா கிடப்பதும் இதனால்தான். "ஒன்றும் ஆகவில்லையே" என்றவர் வைத்தது வழவழப்பான கரண்டியாக இருந்திருக்கலாம். ஆனால், அடுத்த முறை அவர் வைப்பது கசங்கிய அலுமினியத் தாள். ஒவ்வொரு கசங்கலும் ஒரு கூர் அல்லவா? தாள் சுவரைத் தொடுமளவு நெருங்கிவிட்டால் இடைவெளியிலும் பொறி பறக்கும்.

நம்மவர்க்கு உண்மையான ஆபத்து எவர்சில்வர்த் தூக்கு அன்று என்று நான் கருதுகிறேன். அது கண்ணுக்குத் தெரிகிறது. பார்த்தவுடன் கை தயங்குகிறது. கண்ணில் படாத உலோகமே கெடுதி செய்வது. உணவு விடுதியில் வாங்கிய பொட்டலத்தின் வாயில் அடித்த ஸ்டேப்ளர் பின், கறிக்குழம்பு ஊற்றித் தந்த பையின் உட்புற வெள்ளிப் பூச்சு, திருமணத்தில் பரிசாக வந்த பீங்கான் தட்டின் பொன் விளிம்பு ஆகியவற்றை யார் உலோகம் என்று எண்ணுகிறார்கள்? பின் சிறியதுதான், ஆனால், அதைச் சுற்றியிருப்பது காகிதம். பொறிக்குக் காகிதம் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பொறியியல் படித்தவர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

குழப்பத்தை வளர்க்கும் இன்னொன்றும் உண்டு. இப்போது கடைகளில் விற்கும் அடுப்புகள் பல இரட்டை வேலை செய்பவை. கன்வெக்‌ஷன் என்னும் முறையில் வெறும் வெப்பக் காற்றே சுழல்கிறது. அப்போது கேக் செய்யும் உலோகத் தட்டை வைக்கலாம். அடுப்போடு ஓர் உலோகத் தாங்கியையும் கொடுத்தனுப்புகிறார்கள். ஒரே பெட்டி, ஒரே கதவு. காலையில் உலோகம் ஆகும், மாலையில் ஆகாது! கையேட்டைப் படித்தவர் பிழைத்தார். நால்வர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் கையேடு எங்கே இருக்கும்? பழைய அடுப்பை விற்றவரிடமே தங்கியிருக்கும்.

கதிர்வீச்சால் உணவு நஞ்சாகிவிடும் என்ற பேச்சுக்கு இங்கே அதிக இடம் தர வேண்டியதில்லை. இந்த அலை அணுவை உடைக்கும் வலிமை உடையதன்று. கதவைத் திறந்த கணமே நின்றுவிடுவது.

நான் வற்புறுத்துவது ஒன்றே. அடுப்பின் மேல் ஆங்கிலத்தில் மூன்று சொல் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கலாகாது. சித்தூரிலிருந்து 70 கிலோமீட்டர் பேருந்தில் வந்து சேரும் அம்மாவின் கறிக்குழம்பைச் சூடாக்க வரும் மாணவனுக்கு, ஏன் என்பதையும் அவன் மொழியில் சொல்ல வேண்டும். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று மேடைதோறும் வாதிட்டு வருகிறோமே, அந்த வாதத்தை அடுப்பங்கரையில் செய்து காட்டினால் என்ன? சங்கத்தின் செயலாளர் மனம் வைத்தால் அட்டை ஒன்று போதும். அதில் இவ்வளவு எழுதலாம்: "உலோகத்துக்குள் நுண்ணலை புகாது, கூரிலும் கசங்கலிலும் பொறி எழும். உணவைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கோ பொன்விளிம்பில்லாத பீங்கானுக்கோ மாற்றுக. பின்னை எடுத்துவிட்டீர்களா? வெள்ளித்தாளை நீக்கினீர்களா? பொறி கண்டால் உடனே நிறுத்துக. தீ பற்றினால் கதவைத் திறவாமல் மின்சாரத்தைத் துண்டிக்க."

இதனையே தெலுங்கிலும் கீழே எழுதித் தர நம் அறைத் தோழர்கள் இருக்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதுக்குள் முடியும் வேலை அது.