புரொசசரைக் குற்றம் சொல்லுமுன்

அலுவிகாரையில் ஏ9 வீதியைப் பார்த்தபடி ஒரு ஸ்டூடியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்டி–யாழ்ப்பாணப் போக்குவரத்து கிளப்பும் தூசியில் பாதி அங்குள்ள கணினிக்குள்தான் போய்ச் சேரும். கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டால் முதல் சில நிமிடம் குறையில்லை. பிறகு 4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய புரொசசர் 800 மெகாஹெர்ட்ஸுக்கு விழுகிறது, ஏறுகிறது, மறுபடி விழுகிறது. புரொசசரின் வெப்பமோ வெறும் 68 பாகை.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். தெர்மல் பேஸ்ட்டை மாற்றுகிறார்கள், விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார்கள், கடைசியில் புரொசசர் பழுது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். 68 பாகையில் புரொசசர் தன் சூட்டுக்காக வேகத்தைக் குறைப்பதில்லை.

பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்குவது சாக்கெட்டைச் சுற்றியுள்ள வி.ஆர்.எம். பகுதி. புரொசசர் 120 வாட் கேட்டால் அந்த மொஸ்ஃபெட்டுகளும் சோக்குகளும் 100 ஆம்பியர் கொடுக்க வேண்டும். திறன் 85 சதவீதம் என்றால் 21 வாட் அங்கேயே சூடாக மாறுகிறது. மலிவு போர்டில் அதன்மேல் ஹீட்சிங்க்கூட இருக்காது. சூடு எல்லையைத் தாண்டியதும் வி.ஆர்.எம். கட்டுப்பாட்டு சிப் அபாயக் குறி கொடுக்க, புரொசசர் வேகத்தை இறக்கிவிடுகிறது.

விலை உயர்ந்த போர்டும் தப்பவில்லை. 2017இல் இன்டெல்லின் எக்ஸ்299 போர்டுகள் வந்தபோது, டெர்பவர் என்று அறியப்படும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங், 10 கோர் ஐ9-7900எக்ஸை ஓவர்கிளாக் செய்து வி.ஆர்.எம். கொதிப்பதைக் காட்டினார். காற்றுக்கு வழிவிடும் மடிப்புகளில்லாத, அலங்காரத்துக்கு வைத்த ஹீட்சிங்க்குகளை அவர் கடுமையாகச் சாடியதில் நியாயம் இருந்தது.

இன்டெல் கணினியில் சோதனை எளிது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வேகக் குறைப்புக்கான காரணங்களின் பட்டியல் உண்டு. 'விஆர் தெர்மல்' என்ற வரி ரெண்டரின்போது 'யெஸ்' காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 'பவர் லிமிட்' காட்டினால் அது பயோஸ் வரம்பு, வேறு கதை. பிறகு பக்க மூடியைக் கழற்றி ஒரு மேசை விசிறியை சாக்கெட் பக்கம் திருப்பி வைக்கலாம். ஓரிரு நிமிடத்தில் வேகம் நிலைத்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. லேசர் வெப்பமானியால் பளபளக்கும் ஹீட்சிங்க்கை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பும் அதே சூட்டுக்கு வந்தபின் அளப்பதே சரி.

புரொசசர் பெட்டியோடு வந்த விசிறி கீழ்நோக்கி ஊதும்போது வி.ஆர்.எம்முக்கும் காற்றுப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு டவர் கூலரோ தண்ணீர்க் கூலரோ பூட்டினால் புரொசசர் குளிர்கிறது, பக்கத்து மொஸ்ஃபெட் வேகிறது. மேம்படுத்திய பிறகு மந்தமான கணினி என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில், அந்த அபாயக் குறியைப் புரொசசர் ஏற்கச் செய்யும் 'பிடி ப்ரோக்ஹாட்' என்ற தெரிவை அணைத்து வேகத்தை மீட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. பழுதடைந்த சென்சர் என்று நிரூபித்தபின் அதைச் செய்யலாம். உண்மையிலேயே கொதிக்கும் போர்டில் அதைச் செய்து வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது பொறுப்பற்ற வேலை. மொஸ்ஃபெட் கருகும்போது புரொசசரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். தூசி தட்டி, இறுகிப்போன தெர்மல் பேடை அதே தடிப்பில் மாற்றி, சிறு விசிறி ஒன்றைப் பூட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஹீட்சிங்க் இல்லாத நான்கு ஃபேஸ் வி.ஆர்.எம். போர்டில் எட்டு கோர் புரொசசர் கேட்டு வருபவரிடம், போர்டு தாங்காது என்பதை விலைமதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.