காய்ச்சல் போனது, வலி போகவில்லை

காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்தும் காலையில் விரல் மடங்க மறுக்கிறது. குடத்தைத் தூக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. "வயசாகிடுச்சு, வாதம்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இடையில் வந்துபோன சிக்குன்குனியா யாருக்கும் நினைவில் இல்லை.

1952இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் பரவியபோது அடையாளம் காணப்பட்ட நோய் இது. மகோண்டே மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு 'முறுக்கி வளைந்துபோவது' என்று பொருள். வலியால் கூனிப்போன நோயாளிகளைப் பார்த்து வைத்த பெயர். 1964இல் சென்னைக்கும் வந்தது. பிறகு நெடுங்காலம் ஓய்ந்திருந்து, 2006இல் நாடெங்கும் 13 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பாதித்தது.

இந்த வைரஸை ஒழிக்கும் மருந்து இன்றும் இல்லை. டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை வலிக்குப் பாராசிட்டமால் போதும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஆபத்தானது.

நம் கவலையெல்லாம் காய்ச்சல் கணக்கோடு முடிந்துவிடுகிறது. நாற்று நடும் பெண்ணுக்கு மணிக்கட்டு வீங்கினால் அன்றைய கூலி போய்விடும். மூட்டுவலி என்று வருகிறவரிடம், அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் தவறாமல் கேட்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் இயன்முறை சிகிச்சையும் அங்கேயே கிடைக்க வேண்டும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களை மழை தொடங்கிய பிறகு தேடாமல், ஆண்டு முழுவதும் பணியில் வைத்திருக்க வேண்டும். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.