சீம்பாலைக் கொட்டிச் சேனை வைப்பதா?

சீகாழியில் சித்திரைதோறும் திருமுலைப்பால் விழா நடக்கிறது. பக்கத்திலுள்ள சிதம்பரம், கடலூர் ஜனங்களும் போகிறார்கள். பார்வதி கிண்ணத்தில் பால் கொடுத்தாளாம். குடித்த குழந்தை ஞானம் பெற்றதாம்!

கைகூப்பித் திரும்பியவர்களின் வீட்டில் நடப்பதென்ன? பெற்றவள் மார்பில் ஊறும் மஞ்சள் சீம்பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டுகிறார்கள். நல்ல நேரம் வரும்வரை சிசுவைப் பட்டினி போட்டு, பெரியவர் ஒருவர் தம் குணம் வரவேண்டுமென்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கிறார். குணம் வருமோ வராதோ, விரலிலுள்ள அழுக்கு நிச்சயம் வரும். தேனிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியோ, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் விஷம் உண்டாக்கி உயிருக்கே உலைவைக்கும்.

நிற்க. கொட்டப்பட்ட சீம்பாலில் இருப்பதென்ன? நோய்க்கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாமல் தடுக்கும் எதிர்ப்புப் பொருள். இன்னும், தாய்ப்பாலில் குழந்தைக்கே செரிக்காத ஒருவகைச் சர்க்கரை ஏராளமாயிருக்கிறது. செரிக்காதது எதற்கு? குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு அதுவே ஆகாரம். அவை அதைத் தின்று புளிப்பை உண்டாக்கி, கெட்ட கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன.

பிறந்த 1 மணிக்குள் தாய்ப்பால். 6 மாதம்வரை தண்ணீரும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 100-க்கு 89 பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடந்தும், முதல் மணியில் பால் பெற்ற குழந்தைகள் 42 பேர்தான்! ஆபரேஷன் ஒரு காரணமென்றால், பஞ்சாங்கம் காரணமில்லையா?

பாலுக்குச் சொந்தக்காரி தாய். குடிக்க வேண்டியது குழந்தை. நடுவில் ஜோசியனுக்கும் மாமியாருக்கும் என்ன வேலை? ஞானம் பிறகு வரட்டும். முதலில் குழந்தை பிழைக்கட்டும்.