அந்தமானில் வீடு பிடிப்போர்க்கு

கடலாராய்ச்சிக்கென அந்தமான் செல்லும் நண்பர்கள் சிலர், ஹேவ்லாக்கிலேயே ஆண்டுக்கணக்கில் வீடு பிடிக்க எண்ணுகின்றனர். 2018இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாறிய அத்தீவின் இராதாநகர்க் கடற்கரையைக் கண்டவர் மயங்காதிருத்தல் அரிதுதான். ஆயினும் அவ்வெண்ணத்தை நான் ஏற்கேன். நாள் வாடகைக்குக் குடில் விடுவோர், பயணிகள் பெருகும் திங்கள்களில் மாத வாடகைக்காரனை விரும்புவரா? நோய் முற்றினால் பெரிய மருத்துவமனைக்குக் கடல் தாண்ட வேண்டும். கடல் கொந்தளித்தாலோ கப்பல் நின்றுவிடும்.

போர்ட் பிளேரே (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தக்க இடம் என்பது என் துணிபு. அபர்தீன் கடைத்தெருவில் தமிழ் காதில் விழும். நல்ல இட்டிலிக்கு நான் பொறுப்பல்லன்! ஆனால் அங்கும் தாழ்நிலத்தை நாடாதீர். 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்கத்தால் நிலமே தாழ்ந்து, அருகிலுள்ள சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்தது. ஆகவே மேட்டிலேயே வீடு பாருங்கள். அதையும் ஒரு மழைநாளில் சென்று பாருங்கள். மழை பெய்தும் பயனென்ன? கோடையில் தனிக்காரி அணையின் நீர்மட்டம் இறங்கினால், குழாய்நீர் முறைவைத்துத்தான் வரும். வாடகை பேசுமுன், மாடித் தொட்டி எத்தனை நாள் தாங்குமென்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.