பெருக்கமெல்லாம் தெளிவாகுமா?

துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் உள்ளம் துணுக்குறுவது இயல்பே. 2009ஆம் ஆண்டுவரை நீண்ட போரைக் கண்ட மண்ணிலே அச்சொல் விளையாட்டை நினைவூட்டுவதில்லை. ஆயினும், கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் குறிபார்த்துச் சுடுதல் சட்டதிட்டங்களுக்கு அமைந்த ஒரு விளையாட்டு. தாளில் வரைந்த வட்டமே அங்கு இலக்கு. அந்நாடுகளிற் குடியேறி வாழும் நம் பழைய மாணவரின் பிள்ளைகள் அதனைப் பயில விரும்புதலும் கூடும். அப்போது பெற்றோர் முன் ஒரு வினா எழும்: றைபிளின்மேற் பொருத்தும் தொலைகாட்டியை எவ்வாறு தெரிவது?

கடைக்காரர் சொல்லும் விடை எளியது. எவ்வளவு பெருக்கிக் காட்டுமோ அவ்வளவு நன்று என்பர். அவ்விடை பிழையானது என்பதே என் கருத்து. தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வினவுவார்க்கு ஒன்று கூறுவேன். கருவியைத் தெரிவதும் ஒருவகைக் கல்வியே. விலையையும் எண்ணையும் கண்டு மயங்காமை அக்கல்வியின் முதற்பாடம்.

தெரிவு கடையில் தொடங்குவதன்று. போட்டி விதியிலே தொடங்குவது. ஒலிம்பிக் றைபிள் போட்டிகளில் தொலைகாட்டிக்கு இடமே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்று றைபிள் போட்டியிற் கலந்துகொண்ட நம் நாட்டு வீராங்கனை தெஹானி எகொடவெல துளைக்குறி வழியாகவே குறிபார்த்தார். ஓடும் இலக்கை 10 மீற்றரிற் சுடும் போட்டியில் தொலைகாட்டிக்கு அனுமதி உண்டு. ஆனால் பெருக்கம் 4 மடங்கிற்கு மேற்படலாகாது. மேசைமேல் வைத்துச் சுடும் போட்டிகளுள் வேட்டுவர் பிரிவு எனப்படுவதில் எல்லை 6 மடங்கு. விதியை வாசியாது 40 மடங்குக் கருவியை வாங்கியவன் அதனை வீட்டு அலுமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதே.

தொலைகாட்டி முழுவுரிமை பெற்று விளங்கும் போட்டி ‘எவ்’ வகுப்பு என்பது. இங்கிலாந்தில் 1860ஆம் ஆண்டு விம்பிள்டனில் தொடங்கி, 1890 முதல் பிஸ்லியில் நடைபெற்றுவரும் பெருங்கூட்டத்தில் நெடுந்தூரப் போட்டிகள் பல நெடுங்காலம் துளைக்குறியாலேயே சுடப்பட்டன. வயதேறப் பார்வை மங்கியவர் என் செய்வர்? கனடா நாட்டு ஜோர்ஜ் பார்க்குவர்சன் என்பவர் தொலைகாட்டியையும் தாங்கியையும் அனுமதித்து ஒரு பிரிவை வகுக்க முன்னின்றார். அவர் பெயரின் முதலெழுத்தே அப்பிரிவின் பெயராயிற்று. அதன் முதல் உலகப்போட்டி 2002இல் ஒட்டாவாவில் நடந்தது. முதுமைக் கண்ணுக்கு இரங்கிப் பிறந்த இப்போட்டி இன்று இளைஞரும் விரும்பியாடும் போட்டியாக வளர்ந்துள்ளது.

இதன் கடுமையை எண்ணிப் பாருங்கள். ஒரு பாகையை அறுபது கூறாக்கின் ஒரு கூறு ‘கலை’ எனப்படும். நம் வானநூலார் வழங்கிய பழஞ்சொல்லே இது. 100 யார் தூரத்தில் ஒரு கலை ஓர் அங்குலத்திற்குச் சற்று மேல். 1000 யாரில் ஏறத்தாழப் பத்தரை அங்குலம். அத்தூரத்தில் இலக்கின் நடுவளையம் 5 அங்குல விட்டமே, அஃதாவது அரைக் கலையே. அதனைக் கண்ணாற் பகுத்துக் காண்பதற்கு நல்ல பெருக்கம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கார். 30, 40 மடங்கு ஆங்கே பயனுடையது. பெருக்கம் வேண்டா என்பது என் வாதமன்று. பெருக்கம் ஒன்றே போதும் என்பதையே மறுக்கின்றேன்.

என்னை? பெருக்குங் கருவி இலக்கை மாத்திரம் பெருக்குவதில்லை. சுடுவோனின் நாடித்துடிப்பையும் கைநடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். வெயிலேறியபின் நிலத்தினின்று எழும் கானலையும் பெருக்கும். காலையிற் கல்வெட்டுப்போல் நின்ற வளையம் நண்பகலில் நீருக்குட் கிடக்கும் காசுபோல் நெளியும். அப்போது பெருக்கத்தைக் குறைத்துக்கொள்பவனே அறிவுடையான். ஆதலின், ஒரே பெருக்கத்தில் நிற்கும் கருவியிலும், 15 முதல் 50 மடங்குவரை மாற்றத்தக்க கருவி பெரும்பாலார்க்கு ஏற்றது.

ஒளியின் கணக்கும் உண்டு. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56 மில்லிமீற்றர் வில்லை 20 மடங்கில் 2.8 மில்லிமீற்றர் ஒளியைத் தரும்; 40 மடங்கில் 1.4 மாத்திரமே. பகலொளியிற் கூட நம் கண்மணி 2 மில்லிமீற்றர் அளவேனும் விரிந்திருக்கும். ஆகவே பெருக்கம் ஏற ஏறக் காட்சி மங்கும்; தலை சிறிது விலகினும் காட்சியே மறையும்.

காட்சிப் பரப்பும் அவ்வாறே சுருங்கும். பெருக்கம் இருமடங்கானால் காணும் அகலம் பாதியாகும். வரிசையாக நிற்கும் இலக்குகளுள் தன் இலக்கின் எண்ணைக் காணாமல், அயலான் இலக்கிற் சுட்டுவிடுதல் இவ்விளையாட்டில் நேரும் பெரும் விபத்து. தொலைகாட்டி இன்றியே இது நேர்ந்ததுண்டு. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீற்றர் மூவகை நிலைப் போட்டியில் அமெரிக்கரான மத்தியூ எமன்ஸ் முதலிடத்தில் நின்றார். கடைசிக் குண்டு அயல் இலக்கிற் பாய்ந்தது. அதற்குக் கிடைத்த புள்ளி சூனியம். பொற்பதக்கம் கைநழுவி அவர் எட்டாம் இடத்திற்கு இறங்கினார். வெறுங்கண்ணுக்கே இவ்விதியாயின், குறுகிய காட்சியுடைய கருவியை ஆள்வோன் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இனி, விளம்பரங்கள் உரக்கக் கூறாத, ஆனால் முதன்மையான பண்பு ஒன்றுண்டு. அது திருகியின் நேர்மை. 100 யாருக்குச் சரிசெய்த றைபிளை 1000 யாருக்கு உயர்த்த, குண்டின் வகைக்கேற்ப 30 முதல் 40 கலைவரை திருகவேண்டும். கருவிக்குள்ளே அவ்வளவு இடம் இருத்தல் வேண்டும். திருகிய அளவே குறியும் நகர்தல் வேண்டும். கால் கலைச் சொடுக்கு 1000 யாரில் இரண்டரை அங்குலத்திற்கு மேற்பட்டது. நடுவளையத்திற் பாதியை அஃது ஒரே அடியில் தாண்டும். அரைக்காற் கலைச் சொடுக்குடையதே இப்போட்டிக்கு உகந்தது. இதனைச் சோதித்தல் எளிது. 100 யாரில் நிலைக்குத்தாக ஒரு கோடு வரைந்து, கருவியை அசையாது பூட்டி, 30 கலை திருகுக. குறுக்குக்கம்பி 31.4 அங்குலம் நகர்ந்ததா, மீளத் திருகியபோது புறப்பட்ட இடத்திற்கே வந்ததா என்று நோக்குக. இச்சோதனையில் தவறுங் கருவி எத்துணைப் பெருக்கினும் பொய்ச்சாட்சியே.

அடுத்தது இடமாறு தோற்றம். றைபிளை அசைக்காது தலையை மாத்திரம் சிறிது அசைத்துப் பார்க்குக. குறுக்குக்கம்பி இலக்கின்மேல் நகர்வதாயின் அத்தூரத்திற்குக் குவியம் சரிசெய்யப்படவில்லை என்பது வெளிப்படை. அதனைச் சரிசெய்யும் குமிழ் பக்கத்திலோ முன்வில்லையிலோ இருத்தல் இன்றியமையாதது.

பொருத்தும் முறையும் சிறிதன்று. கம்பியோடு றைபிள் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும், 35 கலை உயர்த்திய நிலையிற் குண்டு 1000 யாரில் ஆறங்குலத்திற்கு மேல் பக்கஞ்செல்லும். நடுவளையம் மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த 10 அங்குல வளையமும் தப்பிவிடும். ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிய வில்லை தடுக்காத இப்பிழையை, சில டொலர் விலையுள்ள சிறு நீர்மட்டம் தடுத்துவிடும்.

போட்டி மாறினால் தேவையும் மாறும். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய நுண்மை றைபிள் தொடரில், வீரர் பல நிலைகளில் நின்றும் கிடந்தும் பல தூரத்து இலக்குகளைச் சொற்ப நேரத்திற் சுடவேண்டும். ஆங்கே குறியளவுகள் இலக்கோடு ஒத்து வளர்ந்து தேயும் முதற் குவியத்தளக் கருவி பயன்தரும். எந்தப் பெருக்கத்தில் நோக்கினும் அளவு மாறாது. பெருக்கமும் 15 மடங்கு அளவில் அமைந்தாற் பெரும்பாலும் போதும். ‘எவ்’ வகுப்பிலோ தூரம் முன்னரே தெரிந்தது. அங்கே கம்பி தடிக்காமல் மெல்லிதாய் நிற்கும் இரண்டாங் குவியத்தளக் கருவி விரும்பப்படும். ஒருவர்க்குச் சிறந்தது மற்றவர்க்குச் சுமை. சுமை என்றதும் நிறை நினைவுக்கு வருகிறது: ‘எவ்’ வகுப்பின் ஒரு பிரிவில், தொலைகாட்டியும் கவைத்தாங்கியும் உட்பட றைபிளின் மொத்த நிறை 8.25 கிலோகிராமுக்கு மேற்படலாகாது.

ஆகவே பெற்றோர்க்கு நான் கூறும் முறை இது. முதலில் விதியை வாசியுங்கள். அடுத்துத் தூரத்தையும் போட்டி வகையையும் அறியுங்கள். பின்பு திருகியின் நேர்மையைச் சோதியுங்கள். அதன்பின் வில்லையின் தெளிவைப் பாருங்கள். பெருக்கம் ஐந்தாவதாக வரட்டும். பெயரும் பகட்டும் கடைசியில் நிற்கட்டும். மிஞ்சிய பணத்தைக் குண்டுக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள். 1000 யாரைக் கடக்கக் குண்டு ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் எடுக்கும். அதற்குள் மணிக்கு 10 மைல் வேகத்திற் குறுக்கே வீசும் காற்று அதனை ஏழெட்டு அடி தள்ளிவிட வல்லது. காற்றை அளந்து விடைசொல்லும் வில்லை எதனையும் கடையில் வாங்கமுடியாது. கொடியின் ஆட்டத்தையும் கானலின் ஓட்டத்தையும் பல நாள் நோக்கிப் பழகிய கண்ணே அதனை அறியும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒவ்வொரு தோல்விக்கும் புதுக்கருவி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், கூடத்தைக் குறைகூறும் பழக்கத்தையே பிள்ளைக்குக் கற்பிக்கின்றனர். அளவான கருவியைக் கொடுத்து, அதன் இயல்பு முழுவதையும் அறியும்வரை மாற்றாதிருப்பாராயின், அப்பிள்ளை குறிதவறிய போது காரணத்தைத் தன்னிடத்தே தேடக் கற்றுக்கொள்ளும். வெற்றிக் கேடயத்தினும் அப்பழக்கமே அதற்கு நெடுங்காலம் உதவும்.