ஆய்வுக்கூட ஊழியரின் வேலையை எப்படி அளப்பது? வேகம் மட்டும் போதுமா?

ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்த பிறகு, முடிவு வந்துவிட்டதா என்று 'ஹெல்த்ஹப்' செயலியை எத்தனை முறை திறந்து பார்ப்பீங்க?

முடிவு சீக்கிரம் வரணும். நம்மில் பெரும்பாலோர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

அந்த முடிவைத் தயாரிக்கும் மருத்துவ ஆய்வுக்கூட ஊழியர்களுக்கும் அதே நெருக்கடி உண்டு. மாதிரி வந்ததிலிருந்து முடிவு வெளியாகும் வரை எவ்வளவு நேரம் ஆனது? அவர்கள் வேலையை மதிப்பிடும்போது முன்னால் வந்து நிற்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று. எண்ணுவதற்குச் சுலபம். கணினியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும்.

ஆனால் சுலபமாக எண்ணக்கூடியது மட்டும் இலக்காகிவிட்டால் என்ன ஆகும்? அதை ஊழியர் மட்டுமல்ல, நோயாளியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இலக்கு எதற்கு?

"நல்லா வேலை செய்யுங்க" என்று சொன்னால் போதாதா? போதாது. 'நல்லா' என்பதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கான அனைத்துலகத் தரநிலை ஐஎஸ்ஓ 15189. அதன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பும், ஆய்வுக்கூடத்தின் இலக்குகள் அளவிடக்கூடியவையாக இருக்கவேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் மருத்துவ ஆய்வுக்கூடச் சேவைகள் 2022 ஜனவரியிலிருந்து சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடக்கின்றன.

ஆகவே அளப்பதா வேண்டாமா என்பது கேள்வி இல்லை. எதை அளப்பது என்பதுதான் கேள்வி.

வேகத்தை மட்டும் எண்ணினால்?

ஓர் உதாரணம். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ரத்தம் எடுக்கும்போது சிரமம் ஏற்பட்டாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்துபோகலாம். அவற்றுக்குள் நிறைய பொட்டாசியம் இருக்கிறது. அது வெளியே கசிந்தால், உடம்பில் இல்லாத உயர்வு முடிவில் தெரியும்.

பொட்டாசியம் மிக அதிகமானால் இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம். அதனால் அந்த எண்ணைப் பார்க்கும் மருத்துவர் உடனே நடவடிக்கை எடுப்பார்.

இப்போது ஊழியரின் இடத்தில் நீங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாதிரி கெட்டுவிட்டது என்று தெரிகிறது. அதை நிராகரித்து மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னால் நேரம் ஆகும், உங்கள் 'கேபிஐ' அடிவாங்கும். அப்படியே முடிவை அனுப்பினால் இலக்கு பச்சையில் இருக்கும்.

நேரம் மட்டுமே இலக்கு என்றால், சரியானதைச் செய்பவருக்குத்தான் மதிப்பெண் குறையும். அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் எண்ணிக்கை மறைத்த குற்றம்

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு மோசமான உதாரணம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போதைப்பொருள் மாதிரிகளைச் சோதித்த அரசாங்க ஆய்வுக்கூடம்.

அங்கு வேலை பார்த்த வேதியியலாளர் ஆனி டூக்கான், சக ஊழியர்களைவிடப் பல மடங்கு மாதிரிகளை முடித்துக் கொடுத்தார். காகிதத்தில் பார்த்தால் 'சூப்பர்' ஊழியர். ஆனால் சில மாதிரிகளைச் சோதிக்காமலேயே, பார்த்த மாத்திரத்தில் முடிவு எழுதியிருக்கிறார். 2012இல் விவகாரம் வெடித்தது. 2013இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017இல் 21,000க்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டன.

குற்றம் அவருடையது. இருந்தாலும், ஒருவர் மட்டும் எப்படி இவ்வளவு வேகம் என்ற கேள்வி முன்னரே அழுத்தமாக எழுந்திருக்க வேண்டும். எண்ணிக்கையைச் சாதனையாக மட்டும் பார்க்கும் இடத்தில், அதே எண்ணிக்கை ஓர் எச்சரிக்கை என்பது கண்ணில் படுவதில்லை.

சிங்கப்பூரில்?

இங்கு நடந்த இரண்டு சம்பவங்களில் யாரும் ஏமாற்றவில்லை. அதனாலேயே அவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, கொவிட்-19 காலம். நாளுக்கு நாள் பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டிய நிலை. 2020 மே மாதம், 33 பேருக்குத் தொற்று இருப்பதாக வந்த முடிவுகள் தவறு என்று சுகாதார அமைச்சு தெரிவித்தது. ஓர் ஆய்வுக்கூடத்தில் சாதனத்தின் அளவீட்டைச் சரிப்படுத்துவதில் ஏற்பட்ட கோளாறு காரணம். மறுபடியும் சோதித்ததால்தான் அது தெரிந்தது.

இரண்டாவது, 2020 டிசம்பரில் கூ டெக் புவாட் மருத்துவமனை வெளியிட்ட தகவல். சில மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் 'ஹெர்2' என்ற புரதம் அளவுக்கு அதிகமாக இருக்கும். அப்படி இருந்தால் அதற்கென்றே தனி மருந்து கொடுப்பார்கள். அந்தப் பரிசோதனையில் திசுவுக்குச் சாயமேற்றும் முறை சரியாக இல்லாததால், சுமார் 180 நோயாளிகளுக்குத் தவறான முடிவு வந்திருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. சிலருக்குத் தேவையற்ற சிகிச்சை கொடுக்கப்பட்டிருக்கலாம்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. முடிவு தாமதமாக வந்தால் நமக்கே தெரிந்துவிடும். தவறான முடிவு சரியான நேரத்துக்கு வந்தால்? யாருக்கும் தெரியாது. 'எங்கள் ஆய்வுக்கூடத்தில் 100 பேரில் எத்தனை பேருக்கு இந்த முடிவு வருகிறது, மற்ற இடங்களில் எத்தனை' என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் இருந்தால்தான் அந்த வகைப் பிழை பிடிபடும்.

சராசரி உங்களை ஏமாற்றலாம்

சரி, வேகத்தையும் அளக்கத்தானே வேண்டும்? கண்டிப்பாக. ஆனால் எப்படி என்பது முக்கியம்.

10 மாதிரிகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 9 மாதிரிகள் 40 நிமிடத்தில் முடிந்தன. ஒன்று மட்டும் 240 நிமிடம் எடுத்தது. சராசரி 60 நிமிடம். 'சராசரி ஒரு மணி நேரம்' என்பது இலக்கென்றால், அடைந்தாயிற்று. ஆனால் ஒரு நோயாளி 4 மணி நேரம் காத்திருந்திருக்கிறார்!

அதனால்தான் '100 மாதிரிகளில் 90, இத்தனை நிமிடத்துக்குள்' என்று இலக்கு வைப்பது மேல். மீதி 10 ஏன் தாமதமாயின என்றும் தனியாகப் பார்க்கவேண்டும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதும் முக்கியம். மாதிரி ஆய்வுக்கூடத்தில் பதிவான பிறகுதான் நேரம் கணக்கு என்றால், பதிவாகாமல் முகப்பில் கிடந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. காத்திருப்பது என்னவோ நோயாளிதான்.

'பிழையே கூடாது' என்பது நல்ல இலக்கா?

கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் ஆபத்து.

இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரியை ஆய்வுக்கூடங்கள் அடிக்கடி சோதிக்கும். முடிவு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வரவேண்டும். வழக்கமாகப் பயன்படும் ஓர் எல்லையில், எல்லாம் சரியாக இருந்தாலும் 100க்கு ஏறக்குறைய 5 முறை முடிவு தற்செயலாகவே வெளியே போகும். அது புள்ளியியல், யாருடைய தவறும் இல்லை.

'ஒருமுறைகூட வெளியே போகக்கூடாது' என்று இலக்கு வைத்தால் என்ன நடக்கும்? எல்லைக்குள் வரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டத் தோன்றும். உண்மையான கோளாறும் அதில் மறைந்துவிடும்.

தவற்றைச் சொல்பவருக்கு மதிப்பெண் குறையும் என்றால், யார் வாயைத் திறப்பார்கள்? பிழை அறிக்கைகள் குறைந்துவிட்டால் பிழைகள் குறைந்துவிட்டன என்று அர்த்தமில்லை.

ஓர் அளவீட்டையே இலக்காக்கினால் அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடும் என்ற கருத்தைப் பலர் 'குட்ஹார்ட் விதி' என்பார்கள். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. ஆய்வுக்கூடத்துக்கும் அப்படியே பொருந்தும்.

யார் கையில் இருக்கிறது?

'ஸ்மார்ட்' இலக்குகள் பற்றிப் பள்ளியிலோ வேலையிலோ கேள்விப்பட்டிருப்பீங்க. 1981இல் ஜார்ஜ் டோரன் என்பவர் அதை எழுதியபோது, நடுவில் வரும் 'ஏ' எழுத்து 'அடையக்கூடியது' என்பதைக் குறிக்கவில்லை. 'யார் பொறுப்பு என்று குறிப்பிடக்கூடியது' என்பதையே குறித்தது.

அந்தப் பழைய அர்த்தம் இங்கே உதவும். ஆய்வுக்கூடப் பிழைகளில் பெரும்பங்கு மாதிரி இயந்திரத்துக்குள் போகும் முன்பே நடக்கிறது: தவறான குழாய், தவறான பெயர்ச்சீட்டு, போதாத ரத்தம். அவற்றில் பல வார்டிலும் மருந்தகத்திலும் நடப்பவை. அதற்கு ஆய்வுக்கூட ஊழியரின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமா? கெட்ட மாதிரியைக் கண்டுபிடித்தாரா, காரணத்தைப் பதிவு செய்தாரா, வார்டுக்கு உடனே சொன்னாரா என்பது அவர் கையில் இருக்கிறது. அதை அளக்கலாம்.

அப்போ நல்ல இலக்கு எப்படி இருக்கும்?

- வேகமும் சரித்தன்மையும் ஜோடியாக இருக்கும். 'அவசரச் சிகிச்சைப் பிரிவு மாதிரிகளில் 90 விழுக்காடு உரிய நேரத்துக்குள்' என்று ஒன்று இருந்தால், 'வெளியிட்ட பிறகு திருத்தவேண்டி வந்த முடிவுகள் எத்தனை' என்று இன்னொன்றும் இருக்கும்.

- முறையாக நிராகரித்த மாதிரிகள் வேகக் கணக்கில் சேராது.

- உயிருக்கு ஆபத்தைக் காட்டும் முடிவுகளுக்குத் தனி இலக்கு இருக்கும்: குறித்த நிமிடங்களுக்குள் அழைத்துச் சொன்னாரா, கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்னாரா?

- வெளியிலிருந்து வரும் தர மதிப்பீட்டு மாதிரிகளை, நோயாளியின் மாதிரியைப் போலவே சோதித்தாரா என்று பார்க்கும்.

- குழுவின் இலக்கும் தனிநபர் இலக்கும் தனித்தனியாக இருக்கும். ஆள் பற்றாக்குறையால் வந்த தாமதம் ஒருவர் தலையில் விழாது.

உங்களுக்கு இதில் என்ன?

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறீர்களா? முதல் பணித்திறன் மதிப்பீட்டில் உங்கள் முன் ஓர் இலக்குத் தாள் வைக்கப்படும். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்க. இந்த எண் என் கையில் இருக்கிறதா? இதை அடைய அவசரப்பட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்? நான் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னால் என் மதிப்பெண் கூடுமா, குறையுமா?

மூன்றாவது கேள்விக்கு மேலாளர் சொல்லும் பதிலே, அந்த ஆய்வுக்கூடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குக் காட்டிவிடும்.

ஆய்வுக்கூடத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லையா? பரவாயில்லை. என்றாவது "மாதிரி சரியில்லை, மறுபடியும் ரத்தம் எடுக்கணும்" என்று அழைப்பு வந்தால், எரிச்சல் வருவது இயல்பு. தன் நேரக் கணக்கு கெட்டாலும் பரவாயில்லை என்று யாரோ ஒருவர் உங்கள் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதையும் அப்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.